மாநகரத்து அரசுக் கல்லூரியில் சேர்வதும் நிலைத்துப் படிப்பதும்

பிளஸ் டூ முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில், திண்டிவனத்தை அடுத்த எங்கள் ஊரிலிருந்தும் சுற்றுப்பக்கத்து ஊர்களிலிருந்தும் பிள்ளைகள் எனக்குத் தொலைபேசியில் அழைப்பார்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் வரலாறு படித்தவள் என்பதால், "அக்கா, வேறு எங்கும் இடம் கிடைக்கவில்லை என்றால் அரசுக் கல்லூரிக்குப் போடலாமா?" என்று கேட்பார்கள். கடைசியாகப் போடுவதற்கான இடம் அதுவன்று, முதலில் போட வேண்டிய இடம் என்பதே ஆண்டுதோறும் நான் சொல்லும் பதில். அதை எழுத்திலும் வைத்துவிடலாம் என்று இந்த ஆண்டு தோன்றியது.

மாநிலக் கல்லூரியின் வரலாறு 1840இல் தொடங்குகிறது. அதே கடற்கரைச் சாலையில் இருக்கும் இராணி மேரி கல்லூரி 1914இல் பெண்களுக்காகத் தொடங்கப்பட்டது. இவற்றோடு வியாசர்பாடி டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி, நந்தனம் அரசு கலைக் கல்லூரி, பெண்களுக்கான பாரதி மகளிர் கல்லூரி, காயிதே மில்லத் மகளிர் கல்லூரி ஆகியவையும் நகருக்குள்ளேயே இருக்கின்றன. இளநிலைப் படிப்புக்குக் கற்பிப்புக் கட்டணம் கிடையாது. சிறப்புக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் போன்ற சிறு தொகைகளே செலுத்த வேண்டியிருக்கும். கூலி வேலை செய்யும் பெற்றோர் கடன் வாங்காமல் ஒரு பிள்ளையைப் பட்டதாரி ஆக்கக்கூடிய வழி நம் மாநிலத்தில் இன்னும் திறந்தே இருக்கிறது என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

என் காலத்தில் ஒவ்வொரு கல்லூரி வாசலிலும் நின்று விண்ணப்பப் படிவம் வாங்க வேண்டியிருந்தது. 2020 முதல் அரசு கலைக் கல்லூரிகள் அனைத்துக்கும் ஒரே இணையதளத்தில் விண்ணப்பிக்கும் முறை வந்துவிட்டது. விண்ணப்பக் கட்டணமாக 48 ரூபாயும் பதிவுக் கட்டணமாக 2 ரூபாயும் வாங்கப்பட்டு வருகின்றன. பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் அந்த 2 ரூபாய் மட்டுமே. இணைய வசதி இல்லாதவர்களுக்காகக் கல்லூரிகளிலேயே சேர்க்கை உதவி மையங்கள் செயல்படுகின்றன. பிரவுசிங் சென்டரில் யாரோ அவசரமாக நிரப்பித் தருவதைவிட, அங்கே நேரில் போய் உட்கார்ந்து நிரப்புவது எவ்வளவோ மேல். ஏனென்றால் பெயரின் முன்னெழுத்து, சாதிப் பிரிவு, மதிப்பெண் ஆகியவற்றில் நேரும் ஓர் எழுத்துப் பிழைகூடக் கலந்தாய்வு நாளில் பெருந்தடையாகிவிடும்.

தரவரிசை எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. பெரும்பாலான பாடப்பிரிவுகளுக்கு, தமிழையும் ஆங்கிலத்தையும் நீக்கி, மற்ற நான்கு பாடங்களின் மதிப்பெண்களை 400க்குக் கூட்டித் தரவரிசை தயாரிக்கிறார்கள். தமிழ் இலக்கியத்துக்குத் தமிழ் மதிப்பெண்ணும் ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மதிப்பெண்ணும் பார்க்கப்படுகின்றன. ஆகவே மொத்த மதிப்பெண் குறைவாக இருந்தாலும் தமிழில் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளை தமிழ் இலக்கியத்தின் பட்டியலில் மிக முன்னால் நிற்கலாம். எல்லோரும் வணிகவியலையும் கணினி அறிவியலையும் மட்டுமே குறித்துவிட்டு இடம் கிடைக்கவில்லையே என்று வருந்துவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனக்கிறது. வரலாறு, பொருளியல், புவியியல், புள்ளியியல் ஆகிய துறைகளையும் தேடிப் பார்த்துக் குறியுங்கள். இரண்டாம் சுழற்சி எனப்படும் பிற்பகல் வகுப்பையும் ஒதுக்கிவிடாதீர்கள். காலையில் வேலைக்குப் போக வேண்டிய பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி.

மாற்றுத்திறனாளிகள், விளையாட்டு வீரர்கள், முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகள் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கான கலந்தாய்வு முதலில் நடக்கும். பொதுக் கலந்தாய்வு அதற்குப் பின்னரே. குறுஞ்செய்தி வரும் என்று மட்டும் நம்பியிராமல், கல்லூரியின் அறிவிப்புப் பலகையையும் இணையதளத்தையும் நாள்தோறும் பார்க்க வேண்டும். மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றின் அசலோடு போதிய நகல்களும் ஒளிப்படங்களும் கையில் இருக்கட்டும். சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் இ-சேவை மையத்தில் தேர்வு முடிவுக்கு முன்னரே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

சேர்ந்த பிறகு வருவதுதான் உண்மையில் கடினமான பகுதி. அரசுக் கல்லூரியில் நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள், நூலகம் இருக்கிறது, உதவித்தொகை இருக்கிறது. ஆனால் அவற்றில் எதுவும் நம்மைத் தேடி வந்து கதவைத் தட்டாது, நாம்தான் போய்க் கேட்க வேண்டும். வகுப்பில் நிறையப் பேர் இருப்பதால் பின்வரிசையில் அமைதியாக அமர்ந்திருக்கும் மாணவியின் பெயர்கூட ஆசிரியருக்குத் தெரியாமல் போக வாய்ப்புண்டு. எங்கள் பேராசிரியர் ஒருவரிடம் வகுப்பு முடிந்ததும் போய், பாடநூலுக்கு வெளியே என்ன படிக்கலாம் என்று நானும் இரு தோழிகளும் தயங்கித் தயங்கிக் கேட்டோம். அடுத்த வாரமே அவர் எங்களை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு அழைத்துச் சென்றார். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து ஆவணங்கள் அடுக்கடுக்காக வைக்கப்பட்டிருந்த அந்தக் கட்டடத்தைப் பார்த்த பிறகுதான் வரலாறு என்பது மனப்பாடம் செய்து எழுதும் பாடமன்று என்பது எனக்கு விளங்கியது. மாநகரத்தில் படிப்பதன் பெரும்பேறு இதுதான் என்று நினைக்கிறேன். 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகமும் அதே எழும்பூரில்தான். கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு உங்கள் சொந்தப் புத்தகங்களையே எடுத்துச் சென்று படிக்கலாம். நெருக்கடியான வாடகை அறையில் தங்கியிருக்கும் பிள்ளைக்கு அந்த மேசையும் நாற்காலியும் எவ்வளவு பெரியவை என்பது அப்படிப் படித்தவர்களுக்குத் தெரியும்.

பண உதவியும் தானாகத் தேடி வராது, நாம்தான் போய்க் கேட்க வேண்டும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படித்த மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டமும் (2022), மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டமும் (2024) மாதம் 1000 ரூபாய் வழங்குவதற்காகத் தொடங்கப்பட்டன. கல்லூரி வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். வங்கிக் கணக்கு மாணவரின் பெயரில் ஆதாருடன் இணைந்திருக்க வேண்டும். கல்வி உதவித்தொகைக்கும், நலத்துறைகளின் விடுதி இடத்துக்கும், பேருந்து அட்டைக்கும் முதல் மாதத்திலேயே அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள்.

முதல் பருவத்தில் அரியர் வைக்காதிருப்பது அடுத்த பருவங்களுக்கான வலிமை. அக மதிப்பீட்டுக்கு 25, பருவத் தேர்வுக்கு 75 என்று மதிப்பெண்கள் பிரிக்கப்படும் இடங்களில், ஒப்படைவுகளைக் காலத்தில் கொடுத்தாலே அந்த 25இல் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே இறங்க விடாதீர்கள். பகுதிநேர வேலைக்குப் போகும் மாணவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள். தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் ஆங்கிலத்துக்கு அஞ்சி வகுப்பைத் தவிர்ப்பதையும் கண்டிருக்கிறேன். நாள்தோறும் ஒரு பத்தியை வாய்விட்டுப் படித்து, புரியாத சொல்லை ஆசிரியரிடமோ தோழியிடமோ கேட்டுவந்தால், இரண்டாம் ஆண்டுக்குள் அந்த அச்சம் பெரிதும் குறைந்துவிடும்.

மூன்றாம் ஆண்டில் இருப்பவர்களுக்கு ஒன்று: முதுநிலைப் படிப்புக்கான சேர்க்கை அறிவிப்பைக் கடைசிப் பருவத் தேர்வு எழுதும்போதே கவனிக்கத் தொடங்குங்கள். ஐந்து பருவங்களின் மதிப்பெண் பட்டியல்களையும் ஒரே கோப்பில் வைத்திருங்கள். ஏதேனும் ஒரு பட்டியல் இன்னும் கைக்கு வரவில்லை என்றால், கோடை விடுமுறை தொடங்கும் முன்னரே தேர்வுப் பிரிவில் கேட்டு வாங்கிவிடுங்கள்.