மாப்பிள்ளை கொடுத்த பெட்டியும் மாமனார் வைத்திருந்த சிடியும்

ஆனி, ஆடிச் சாரலுக்குச் செங்கோட்டை, குற்றாலம் பக்கம் ஊர் உலகமே வந்து குளித்துவிட்டுப் போகும். ஐப்பசி இடிக்கு யாரும் வருவதில்லை. அது உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும். இந்த முறை அது எங்கள் வீட்டுக்குள் வந்து, அப்பாவின் கம்ப்யூட்டரை முடித்துவிட்டுப் போனது. “இடி இடிக்குது, பிளக்கைப் பிடுங்குங்க” என்று அம்மா அடுப்படியிலிருந்து கத்தினாள். அப்பா டிவி பிளக்கைப் பிடுங்கினார், ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினார், ஓடாத மிக்ஸி பிளக்கைக்கூடப் பிடுங்கினார். கம்ப்யூட்டரை மட்டும் விட்டுவிட்டார். அதில் பிரிண்ட் போய்க்கொண்டிருந்ததாம்.

தென்காசிக் கடைத் தம்பி திறந்து பார்த்து, போர்டு போய்விட்டது, ஹார்ட் டிஸ்க் தப்பித்துவிட்டது என்றான். 2010இல் வாங்கிய பெட்டி. அந்த போர்டு இனிமேல் கிடைக்காது. சாவுக்குச் சொல்லியனுப்புவது மாதிரி அம்மா அன்று சாயங்காலமே கேரளாவில் இருக்கும் புனலூருக்குப் போன் போட்டு அக்காவிடம் சொல்லிவிட்டாள். அத்தான் லேப்டாப்புக்கு மாறியதிலிருந்து அவருடைய பெட்டி சும்மாதான் கிடந்தது. 2017இல் வாங்கியது, வேறு கம்பெனி. குடும்பப் போட்டோ இருக்கிறது என்று டிஸ்க்கை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு, மிச்சப் பெட்டியைப் பாலருவி எக்ஸ்பிரஸில் மடியில் வைத்தே கொண்டுவந்தார். ஆரியங்காவு வரைக்கும் எதிர் சீட்டுப் பெரியவர் அதை இன்வெர்ட்டர் என்று நினைத்து விலை கேட்டுக்கொண்டே வந்தாராம். கூடவே ஒரு பை நேந்திரங்காய் சிப்ஸ். விடியுமுன் வந்து இறங்கிய மாப்பிள்ளையை ஸ்டேஷனில் அழைக்கப் போன அப்பா, பெட்டியையும் மாப்பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

காரணம் எங்களுக்குத் தெரியும். பெண் கொடுத்த வீட்டிலிருந்து ஒரு துரும்பு வாங்கமாட்டார். அக்கா ஒரு தடவை குக்கர் வாங்கிக் கொடுத்ததற்கு, அடுத்த தீபாவளிக்கு அதைவிடப் பெரிய குக்கர் புனலூருக்குப் போனது. இப்போது கம்ப்யூட்டர். அதனால் வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்தார். பட்டுச் சேலைக்கு அடியில், பழைய மூலப்பத்திரங்களுக்கு மேலே, பழைய பெட்டியோடு கம்பெனிக்காரன் கொடுத்த விண்டோஸ் 7 சிடி பத்திரமாக இருந்தது. அது டிவிடி என்று நான் எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது. அவருக்குச் சிடிதான்.

“பெட்டி மாப்பிள்ளையோடது. உள்ள ஓடுறது நம்மளோடதா இருக்கட்டும். இதைப் போடு” என்றார்.

“அது அந்தப் பெட்டியோட வந்ததுப்பா. அதோட போயிரும். வேற பெட்டியில போடக் கூடாது.”

“மரத்தோட நிலத்தை வித்தா, மரமும் போகும். நான் எங்கல வித்தேன்? இடிதானே விழுந்துச்சு.”

நாற்பது வருஷம் பத்திரம் எழுதின மனிதரோடு யார் வாதாடுவது? 1956 நவம்பர் வரை செங்கோட்டை திருவிதாங்கூரிலும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த ஊர். அந்தக் காலத்து ஆவணங்கள் மலையாளத்திலும், தேதி கொல்லம் ஆண்டிலும் இருக்கும். அதை வாசிக்க இன்றைக்கும் புளியரையிலிருந்து ஆள் தேடி வருகிறார்கள். எந்தச் சொத்திலும் வில்லங்கம் கண்டுபிடிப்பார், எந்த வில்லங்கத்துக்கும் வழி கண்டுபிடிப்பார். விண்டோஸ் 7க்குக் கம்பெனியே 2020 ஜனவரி 14ஆம் தேதியோடு சப்போர்ட்டை நிறுத்திவிட்டது என்று சொல்லிப் பார்த்தேன். “சப்போர்ட் எனக்கு எதுக்கு? நான் என்ன எலெக்‌ஷன்லயா நிக்கேன்?” என்றார். அவர் எழுதிவைத்த நகல்கள் எல்லாம் பழைய வானவில் எழுத்துருவில் இருக்கின்றன. வேறு எதில் திறந்தாலும் பூச்சி பூச்சியாகத் தெரியும் என்று பயம். எழுத்துருவைப் போட்டால் எதிலும் தெரியும் என்பது அவர் காதில் ஏறவில்லை.

சரி, அப்பாவின் ஹார்ட் டிஸ்க்கை அத்தானின் பெட்டியில் மாட்டி, சிடியைப் போட்டேன். சிடி சுற்றியது, கம்பெனி முத்திரை வந்தது, அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். அப்புறம் இது இந்தக் கம்ப்யூட்டருக்கு உரிய டிஸ்க் இல்லை என்று இங்கிலீஷில் ஒரு வரி. நின்றுவிட்டது. அந்தக் காலத்தில் கம்பெனிக்காரர்கள், போர்டிலேயே இருந்து கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் பயாஸுக்குள் தங்கள் அடையாளம் ஒன்றை வைத்திருப்பார்கள். டிஸ்க் முதல் வேலையாக அதைத்தான் தேடும். இருந்தால் ஒரு கேள்வி கேட்காமல் ஏறிக்கொள்ளும், கம்பெனியிடம் பதிந்து அனுமதி வாங்கும் ஆக்டிவேஷன்கூட வேண்டாம். இல்லாவிட்டால் வாசலோடு சரி. அத்தானின் பெட்டியில் இருந்தது வேறு கம்பெனியின் அடையாளம்.

“திருவிதாங்கூர் முத்திரையைப் பார்த்துட்டு நம்ம ஊர் சார்பதிவாளர் முழிப்பாரே, அந்த மாதிரியா?” என்றார். நான் விளக்கியதைவிட அது தெளிவாகத்தான் இருந்தது.

ஆனால் விடவில்லை. பழைய பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் 25 எழுத்துச் சாவி இருக்கிறதே, கடைத் தம்பியிடம் கம்பெனி பெயர் இல்லாத விண்டோஸ் 7 டிஸ்க் வாங்கிவந்து அந்தச் சாவியைப் போடு என்றார். அதுவும் விதிப்படி சரியில்லை என்றேன். “முதல்ல ஏறுதான்னு பாரு, விதியைப் பொறவு பாப்போம்.” டிஸ்க் வந்தது. பாஷை கேட்கும் முதல் திரையிலேயே மவுஸ் அசையவில்லை, கீபோர்டும் வேலை செய்யவில்லை. விண்டோஸ் 7 டிஸ்க்குக்கு யூஎஸ்பி 3 தெரியாது. புதுப் பெட்டிகளில் எல்லா ஓட்டையும் அதன் வழிதான். அப்பா பரண் மேல் ஏறி, உருண்டைப் பின் வைத்த பழைய கீபோர்டை எடுத்துவந்தார். அதற்கும் பின்பக்கம் ஒரு ஓட்டை இருந்து தொலைத்தது. வேலை செய்தது. அப்பா என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க வேண்டாம்.

சாவி கேட்டது. ஸ்டிக்கரைப் பார்த்தோம். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அம்மா பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைப்பாள். வழவழவென்று வெள்ளையாக ஒரு இடம் இருந்தால் எந்தப் பெண்பிள்ளை விடுவாள்? பதினைந்து வருஷச் சந்தனமும் நேராக அந்த ஸ்டிக்கரின் நடுவில். மறுநாள் ஈரத்துணியால் துடைப்பு வேறு. முதல் ஐந்து எழுத்து இருக்கிறது, கடைசி ஐந்து இருக்கிறது, நடுவில் அம்பாள்தான் இருக்கிறாள். லென்ஸ் வைத்துப் பார்த்து “இது ஓ” என்றார் அப்பா. இந்தச் சாவிகளில் ஓ வராது, பூஜ்யமும் வராது, குழப்பம் வேண்டாம் என்றே அவற்றை எடுத்துவிட்டார்கள் என்றேன். “அப்ப பியா எட்டா?” அது இரண்டும் வரும். ஜியும் வரும், ஆறும் வரும். அப்பாவும் அத்தானும் தரையில் உட்கார்ந்து, டார்ச் அடித்து, ஒருவர் எட்டு என்க, ஒருவர் பி என்க, விண்டோஸ் எல்லாவற்றையும் செல்லாது செல்லாது என்று திருப்பியது. அம்மா காபியோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “நான் பொட்டு வச்சதாலதான் இவ்வளவு நாள் ஓடிச்சு” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கடைசியில் இருவரும் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் நான் யூஎஸ்பியில் விண்டோஸ் 10ஐப் போட்டு ஓட விட்டேன். சாவி கேட்கவே இல்லை. அத்தானின் பெட்டி விண்டோஸ் 10ஓடு வந்தது. அதன் சாவி பயாஸுக்குள்ளேயே எழுதியிருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கை மாற்றினாலும் போகாது. நெட் கொடுத்ததும் ஆக்டிவேட் ஆகிவிட்டது. வானவில் எழுத்துருவைப் போட்டேன், நகல்கள் அட்சரம் பிசகாமல் திறந்தன. அப்பாவுக்குச் சந்தோஷம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. “கேக்காமலே குடுத்துட்டானா? அப்ப வில்லங்கம் இருக்கு.”

இருந்தது. விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு சப்போர்ட் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் அத்தானின் பிராசசர் ஒரு தலைமுறை பழசு, ஏற்கமாட்டேன் என்கிறது. அதிலிருந்து ஒரு வருஷத்துக்குப் பாதுகாப்பு அப்டேட் மட்டும் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தது. “பட்டா கிடைச்ச அன்னைக்கே ஆயுசு முடிஞ்சிட்டா!” என்றார். சரி, இதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். உரிமத்தில் என்ன எழுதியிருக்கிறது, முழுசாக வாசி என்றார். வாசித்தேன். பெட்டியோடு வந்த விண்டோஸை இன்னொருவருக்குக் கொடுக்கலாம், அந்தப் பெட்டியோடு சேர்த்துக் கொடுத்தால் மட்டும், என்று ஒரு ஷரத்து. கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். முகம் தெளிந்துவிட்டது. மேஜை டிராயரிலிருந்து வெள்ளைத்தாள் வந்தது.

“மேற்படி பெட்டியும், அதனுள் அடங்கிய விண்டோஸும், வயர், ஸ்விட்ச், சகல பாத்தியங்கள் சகிதமாக” என்று ஆரம்பித்து, இரண்டு பக்கத்துக்கு ஒரு கிரயச் சீட்டு. இனாமாக வாங்கினால்தானே கௌரவக் குறைச்சல்? கிரயத் தொகை ரூபாய் 4,000 என்று அவரே நிர்ணயித்து, அத்தானின் சட்டைப்பையில் திணித்தார். “மாமா, இதெல்லாம் வேண்டாம் மாமா” என்று அத்தான் கெஞ்சியது எடுபடவில்லை. அத்தானுக்குத் தமிழ் பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாது. படித்ததெல்லாம் மலையாளம். அதனால் முழுவதையும் அப்பா உரக்க வாசித்துக் காட்டினார், மலையாளத்தில் ஒரு தடவை திருப்பியும் சொன்னார். சாட்சிக் கையெழுத்து நான். அம்மா மாட்டேன் என்றுவிட்டாள். சொத்து விவரத்தில் ‘மேற்கே சுவிட்சு போர்டு, கிழக்கே பீரோ’ என்று நான்கெல்லைகூட இருந்தது.

அத்தான் மலையாளத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அப்பா கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துவிட்டு, தாளைத் திருப்பி நீட்டினார்.

“இனிஷியல் விட்டுப்போச்சு மாப்ள.”