ஒரு குறைவுமில்லைன்னு சொன்ன சபை

பைபிளோட கடைசி புத்தகமான வெளிப்படுத்தல் 3ஆம் அதிகாரத்துல லவோதிக்கேயா சபைக்கு இயேசு சொல்றத படிக்கிறப்பல்லாம் எனக்கு பயமா இருக்கும், ஏன்னா அங்க கள்ளப் போதகம்னோ விக்கிரகம்னோ ஒண்ணும் குத்தம் சொல்லல, "எனக்கு ஒரு குறைவுமில்லை"ன்னு அவங்களே நம்பிக்கிட்டாங்க பாருங்க, அதான் அங்க வஞ்சகம். ஊரும் அப்படித்தான். இப்போ துருக்கியில டெனிஸ்லி பக்கத்துல இடிபாடா கிடக்கு, அப்போ செம பணக்கார ஊர், கி.பி. 60ல பூகம்பத்துல இடிஞ்சப்போ ரோம் கிட்ட உதவியே வாங்காம சொந்தக் காசுல கட்டிக்கிட்டாங்கன்னு ரோம வரலாற்று ஆசிரியர் டாசிட்டஸ் எழுதிருக்கார். கருப்பு கம்பளிக்கு வேற பேர் போன ஊர். அவங்களப் பார்த்துதான் நீ தரித்திரன், குருடன், நிர்வாணின்னு சொல்றார், என்கிட்ட பொன் வாங்கு, வெண்வஸ்திரம் வாங்கு, கண்ணுக்கு கலிக்கம் (கண் மருந்து) போடுன்னு. கருப்பு கம்பளி ஊர்ல போய் வெண்வஸ்திரம்!

பாவத்துல விழுந்து கிடக்கிறவனுக்காவது தேவன் வேணும்னு தெரியும், சர்ச்சுக்கு போயி காணிக்கை போட்டு பைபிள் வாசிச்சு எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு நினைக்கிறவனுக்குதான் அது தெரியாமலே போயிடுது. ஆனா அவர் திட்டிட்டு போயிடல, நேசிக்கிறவங்களத்தான் கடிந்துக்கிறேன்னு சொல்லிட்டு வாசல்ல நின்னு தட்டுறார். அந்த வசனத்த நம்ம ஆளுங்க சுவிசேஷக் கூட்டத்துல வெளியாட்களுக்குதான் பிரசங்கிக்கிறாங்க, எழுதினது என்னவோ விசுவாசிகளுக்கு.