தவழும் குழந்தையும் தரைத்தள எலியும்

மேற்கு மாம்பலத்தில் நாங்கள் குடியிருக்கும் தரைத்தள வீட்டில், வடகிழக்குப் பருவமழை வலுத்ததும் எலிகள் உள்ளே வரத் தொடங்கிவிடும். முன்பெல்லாம் அரிசி மூட்டையைப் பற்றி மட்டும்தான் கவலை; மகள் தவழத் தொடங்கிய பிறகு தரையைப் பற்றிய கவலையும் சேர்ந்துகொண்டது. எலி போகிற வழியெல்லாம் சிறுநீரைச் சொட்டிக்கொண்டே போகும்; அதே தரையில் ஊன்றிய கையைத்தான் குழந்தை அடுத்த நொடி வாயில் வைக்கிறது.

எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா பாக்டீரியா அந்தச் சிறுநீரில்தான் இருக்கிறது. வாய், கண், மூக்கு வழியாக மட்டுமன்றி முழங்கால் சிராய்ப்பு வழியாகவும் அது உடலுக்குள் நுழையும். காய்ச்சல் பெரும்பாலும் 5 முதல் 14 நாள்கள் கழித்தே வருவதாலும், அந்தக் காய்ச்சலில் வரும் கெண்டைக்கால் வலியைச் சொல்லத் தெரியாத குழந்தை அழ மட்டுமே செய்யும் என்பதாலும், வீட்டில் எலி நடமாட்டம் இருப்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நாமே சொல்லிவிட வேண்டும். புழுக்கையில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமியும் இருக்கலாம். பால் புட்டி வைக்கும் இழுப்பறையின் மூலையில், இரு முனையும் கூர்த்த கறுத்த அரிசி போல அது கிடந்ததைப் பார்த்த அன்று, துடைப்பத்தைத் தொடவில்லை. உலர்ந்த புழுக்கையைப் பெருக்கினால் தூசி மூச்சில் ஏறும். பிளீச்சிங் கரைசலைத் தெளித்து ஊறவிட்டு, கையுறையோடு காகிதத்தால் துடைத்தெடுத்தோம்.

ஆனால் எலியைவிட எனக்கு அச்சம் தருவது எலி மருந்துதான். 2024 நவம்பரில் குன்றத்தூர் அருகே, வீட்டில் வைக்கப்பட்ட எலி மருந்தின் நெடியால் இரண்டு குழந்தைகள் இறந்த செய்தியை இந்த ஊர்ப் பெற்றோர் எவரும் மறந்திருக்க முடியாது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்டுக்கு முறிமருந்தே இல்லை. முதலில் வாந்தி அடங்கிக் குழந்தை தேறிவிட்டது போலத் தோன்றும், கல்லீரல் பழுதாவது அதற்குப் பின்னரே தெரியவரும். ஆகவே, வாயில் பட்டதோ என்ற சந்தேகம் எழுந்தாலே, பாக்கெட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

எங்கள் வீட்டில் மருந்தே வேண்டாம் என்று முடிவு செய்து, வழியை அடைத்தோம். சுண்டெலிக்குப் பென்சில் நுழையும் இடைவெளி போதும். சிங்க் குழாய் சுவருக்குள் போகும் ஓட்டையைச் சுற்றி எலியின் உடல் உரசி எண்ணெய்ப் பிசுக்காகக் கறுத்திருந்தது. அங்கே இரும்பு நாரைத் திணித்துச் சிமெண்ட் பூசினோம். கூண்டைக் குழந்தையின் கைக்கு எட்டாத பரணில் வைத்திருக்கிறோம். குடியிருப்பின் பொதுச் சாக்கடைக்கு உடையாத மூடி போடும் பேச்சு மட்டும் இன்னும் சங்கக் கூட்டத்தைத் தாண்டவில்லை.