ஹெராக்ளிஸ் எங்கே இருக்கிறான்?

மார்ச் 3, செவ்வாய்

அண்ணன் மகள் படக்கதைப் புத்தகத்தோடு வந்து, "சித்தப்பா, ஹெர்குலிஸ் சாமியா, மனுசனா?" என்று கேட்டாள். அப்பா தெய்வங்களின் அரசன் ஜீயஸ், அம்மா அல்க்மினி என்கிற மனுசி, அதனால் பாதி சாமி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சொன்னதிலிருந்து அந்தப் பதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. பாதி சாமி என்றால் பாதி உடம்புதான் சாகுமா?

சாப்பிட்டுவிட்டு ஹோமரின் ஒடிசி காவியத்தை எடுத்தேன். பதினோராம் காண்டத்தில் ஒடிசியஸ் செத்தவர்களைப் பார்க்கிறான். அந்தக் கூட்டத்தில் ஹெராக்ளிஸும் (கிரேக்கர்களுக்கு அவன் ஹெராக்ளிஸ்தான்; ஹெர்குலிஸ் என்பது ரோமானியர் வழியாக வந்த பெயர்) நிற்கிறான். உறையில்லாத வில், நாணில் அம்பு, முகத்தில் ராத்திரி மாதிரி ஒரு கறுப்பு. ஆனால் அவனைக் காட்டும்போதே கவிதை சொல்லிவிடுகிறது: இது அவனுடைய நிழல்தான், அவனோ சாகாத தெய்வங்களோடு விருந்தில் உட்கார்ந்திருக்கிறான், ஹீபி அவன் மனைவி. அந்த நிழல் வாய் திறந்து பேசவும் செய்கிறது. ஜீயஸின் மகனாக இருந்தும் அளவில்லாத துன்பம் பட்டேன் என்று புலம்புகிறது.

மேலே விருந்து, கீழே புலம்பல், ஆள் ஒருவன்தான். அந்த வரிகள் பிற்காலத்தில் யாரோ நுழைத்தவை என்று பழங்கால உரைகாரர்களே சந்தேகப்பட்டிருக்கிறார்கள். நுழைத்தவர் அழித்து எழுதவில்லையே! கீழே நிற்கிற ஹெராக்ளிஸை அப்படியே விட்டுவிட்டு, மேலே ஒருவனைச் சேர்த்திருக்கிறார்.

மார்ச் 4, புதன்

டிராய்ப் போரைப் பாடும் ஹோமரின் இன்னொரு காவியமான இலியட்டில் மேலே ஒரு ஹெராக்ளிஸ் இல்லை. பதினெட்டாம் காண்டத்தில், நண்பன் பேட்ரோக்ளஸைப் பறிகொடுத்த கிரேக்க வீரன் அகிலிஸ் தன் தாய் தீட்டிஸிடம் சொல்கிறான்: ஜீயஸுக்கு அவ்வளவு பிரியமான ஹெராக்ளிஸே சாவுக்குத் தப்பவில்லை, விதியும் ஜீயஸின் மனைவி ஹேராவின் கோபமும் அவனை வீழ்த்திவிட்டன, நானும் அப்படியே கிடப்பேன். சொல்கிறவனும் ஒரு தேவியின் மகன்.

இன்னொன்றும் கவனித்தேன். 'பாதித் தெய்வங்கள்' என்று பொருள்படும் சொல் இலியட் முழுவதிலும் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது, பன்னிரண்டாம் காண்டத்தில். வீரன் என்று பொருள்படும் 'ஹீரோஸ்' என்ற சொல்லோ பல இடங்களில் வரும். ஆனால் அதற்குத் தெய்வப் பிறப்பு தேவையில்லை. ஒடிசியில் பாட்டுக்காரன் டெமோடோகஸும் ஹீரோஸ்தான்.

அகிலிஸுக்குக் குதிகாலில் அடிபட்டால்தான் சாவு என்கிற கதையும் ஹோமரில் கிடையாது. தீட்டிஸ் குழந்தை அகிலிஸைப் பாதாள ஆறான ஸ்டிக்ஸில் முக்கி எடுத்ததை நமக்குச் சொல்வது கி.பி. முதல் நூற்றாண்டில் ஸ்டேஷியஸ் எழுதிய லத்தீன் காவியம். இலியட்டின் இருபத்தோராம் காண்டத்தில் ஓர் ஈட்டி அகிலிஸின் கையைக் கீறுகிறது, ரத்தம் வருகிறது. யார் கையைக் கீறினாலும் அப்படித்தான் வரும்.

மார்ச் 7, சனி

இன்று சார்பிடன். இந்தப் பகுதியை மூன்று தடவை படித்தேன்.

ஜீயஸுக்குச் சொந்த மகன், லிசியாவின் அரசன், டிராய்க்குத் துணையாகப் போரிட வந்தவன். பன்னிரண்டாம் காண்டத்திலேயே அவன் தன் தோழன் கிளாக்கஸிடம் சொல்கிறான்: இந்தச் சண்டையிலிருந்து தப்பினால் மூப்பும் சாவும் இல்லாமல் இருப்போம் என்றால் நான் முன்வரிசையில் நிற்கவே மாட்டேன், உன்னையும் அனுப்ப மாட்டேன். சாவு ஆயிரம் வழியில் வருகிறது, அதனால் வா, போவோம். தெய்வத்தின் பிள்ளை பேசுகிற பேச்சா இது? அப்பா யாரென்பது அவன் கணக்கிலேயே வரவில்லை.

பதினாறாம் காண்டத்தில் பேட்ரோக்ளஸ் அவனை எதிர்த்து நிற்கிறான். மேலே ஜீயஸுக்குத் தவிப்பு: உயிரோடு தூக்கி லிசியாவில் விட்டுவிடட்டுமா? ஹேரா சொல்கிற பதிலைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. செய், ஆனால் நாங்கள் எல்லோரும் அதை ஏற்கமாட்டோம். டிராயைச் சுற்றித் தெய்வங்களின் பிள்ளைகள் எத்தனையோ பேர் சண்டை போடுகிறார்கள், நாளைக்கு ஒவ்வொருவரும் தன் பிள்ளையைக் காப்பாற்றக் கிளம்புவார்கள். அவன் விழட்டும், பிறகு தூக்கம், சாவு என்கிற இரண்டு தெய்வங்களும் அவனைச் சொந்த ஊருக்குச் சுமந்து போகட்டும். உறவினர் மண்மேடு எழுப்பிக் கல் நடுவார்கள், செத்தவனுக்கு உரிய மரியாதை அதுதான்.

ஜீயஸ் வாதாடவில்லை. மண்மேல் ரத்தத் துளிகளை மழையாகப் பொழிகிறான். அவ்வளவுதான் அவனால் முடிகிறது.

பாதித் தெய்வம் என்றால் பாதிச் சாவு என்று நான் போட்ட கணக்கு இங்கே உடைந்துபோனது. அம்மா அப்பாவில் ஒருவர் மனிதர் என்றால் பிள்ளை முழுசாகத்தான் சாகிறான்.

மார்ச் 11, புதன்

அப்படியானால் ஹெராக்ளிஸ் எப்படி மேலே போனான்? ஈட்டா மலையில் சிதையில் எரிந்து, தெய்வங்கள் வாழும் ஒலிம்பஸ் ஏறினான் என்கிறது கதை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அவனைக் கும்பிட்டவர்கள் என்ன செய்தார்கள் என்பது.

கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் இதற்காகவே ஃபினீசியாவின் தீர் நகரம் வரை போயிருக்கிறார். அங்கிருந்த ஹெராக்ளிஸ் கோயில் 2,300 வருடம் பழமையானது என்று பூசாரிகள் சொன்னார்களாம். தாசோஸ் தீவிலும் ஒரு கோயில், அது கிரேக்க ஹெராக்ளிஸ் பிறப்பதற்கு ஐந்து தலைமுறை முந்தியது. அதனால் இரண்டு ஹெராக்ளிஸ் இருக்க வேண்டும் என்று முடிவுக்கு வருகிறார். ஒருவனுக்குச் சாகாத தெய்வமாகப் பலி, இன்னொருவனுக்குச் செத்த வீரனாகப் படையல் என்று தனித்தனியாகக் கோயில் வைத்திருக்கும் கிரேக்கர்கள் சரியாகத்தான் செய்கிறார்கள் என்பது அவர் தீர்ப்பு.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ஊர் ஊராக நடந்த பௌசானியஸ், சிக்யோன் ஊரைப் பற்றிச் சொல்வது இதைவிட அருமை. அந்த ஊரார் ஹெராக்ளிஸுக்கு வீரனுக்குரிய படையல் போட்டு வந்தார்கள். ஃபைஸ்டஸ் என்பவன் வந்து, இது தகாது, அவன் தெய்வம், பலிதான் கொடுக்க வேண்டும் என்றான். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரே ஆட்டுக்குட்டியை அறுத்து, தொடையைப் பலிபீடத்தில் எரித்து, கொஞ்சம் இறைச்சியைத் தெய்வப் பலியின் பங்காகத் தாங்கள் சாப்பிட்டு, மிச்சத்தை வீரனுக்குப் படைத்தார்கள்.

எலியா ஊர்க்காரர்கள் இதே மாதிரி ஒரு சிக்கலோடு தத்துவவாதி செனோஃபனிஸிடம் போனதை அரிஸ்டாட்டில் சொல்லியிருக்கிறார். மனுசியாக இருந்து கடல் தெய்வமான லூக்கோத்தியாவுக்குப் பலியிட்டு ஒப்பாரியும் வைக்கலாமா என்று கேட்டார்கள். தெய்வம் என்றால் அழாதீர்கள், மனுசி என்றால் பலியிடாதீர்கள் என்றார் அவர். தர்க்கத்தில் குறை சொல்ல முடியாது. ஆனாலும் என் மனசு சிக்யோன்காரர்கள் பக்கம்தான் போகிறது. அவன் செத்ததையும் அவர்கள் விடவில்லை, சாகாததையும் விடவில்லை.

மார்ச் 12, வியாழன்

அண்ணன் மகளிடம் அந்த ஆட்டுக்குட்டியைப் பற்றிச் சொன்னேன். "அப்போ ரெண்டுமா?" என்றாள். ஆமாம், ரெண்டும் முழுசாக என்றேன்.

மார்ச் 15, ஞாயிறு

இலியட்டின் மூன்றாம் காண்டத்தில் இந்தப் போருக்கே காரணமான ஹெலன் டிராயின் மதில்மேல் நின்று தன் அண்ணன் தம்பிகளான காஸ்டரையும் பாலிடியூசிஸையும் கிரேக்கப் படைக்குள் தேடுகிறாள். என்னால் வந்த அவமானத்துக்குப் பயந்து வராமல் இருக்கிறார்களோ என்று நினைக்கிறாள். அவர்களை ஸ்பார்ட்டா மண் ஏற்கெனவே மூடிவிட்டது அவளுக்குத் தெரியாது. ஒடிசியில் அதே இருவரும் நாள் விட்டு நாள் உயிரோடு இருக்கிறார்கள்.

காரணம் கிரேக்கக் கவிஞர் பிண்டாரின் பத்தாம் நெமியப் பாடலில் இருக்கிறது. பாலிடியூசிஸ் ஜீயஸின் மகன். காஸ்டர் மனிதனின் மகன், சண்டையில் குத்துப்பட்டு மூச்சுத் திணறிக் கிடக்கிறான். நானும் இவனோடு சாகிறேன் என்று பாலிடியூசிஸ் அழுகிறான். ஜீயஸ் நேரில் வந்து இரண்டு வழி சொல்கிறான்: நீ மட்டும் என்னோடு ஒலிம்பஸில் சாவில்லாமல் இருக்கலாம், இல்லை, தம்பியோடு எல்லாவற்றையும் பங்கு போட்டு, பாதிக் காலம் மண்ணுக்கடியில், பாதிக் காலம் வானத்துப் பொன்வீட்டில் இருக்கலாம்.

நான் முதல் நாள் போட்ட 'பாதி' கடைசியில் இங்கே இருக்கிறது. ரத்தத்தில் வந்த பாதி இல்லை இது, ஒருவன் கேட்டு வாங்கிக்கொண்டது. பாலிடியூசிஸ் யோசிக்கக்கூட இல்லை என்கிறார் பிண்டார். முதலில் காஸ்டரின் கண் திறக்கிறது, அப்புறம் குரல் வருகிறது.