கட்சி வேண்டாம் என்று போனோம்

கொட்டாஞ்சேனையில் எனக்கு ஒரு சின்னக் கடை. போட்டோ கொப்பி, தட்டச்சு, தொலைபேசி ரீலோட். கிராம உத்தியோகத்தரிடம் போகிறவர்கள், பொலிஸில் முறைப்பாடு கொடுக்கப் போகிறவர்கள், பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்க அலைகிறவர்கள் எல்லோரும் என் மேசையைத் தாண்டித்தான் போவார்கள். 2025 மார்ச்சில் அந்த மேசையில்தான் கொழும்பு மாநகர சபைக்கு எங்கள் சுயேச்சைக் குழு பிறந்தது. நானும் ஒரு வேட்பாளர். வென்றீர்களா என்று இப்போதே கேட்காதீர்கள்.

ஆரம்பித்து வைத்தது ஒரு கான், அதாவது தெருவோர வடிகால். 2018இல் தெரிவான சபையின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அந்த மாதம் நடக்கவிருந்த தேர்தல், பணம் இல்லை என்று தள்ளிப்போனது. அப்படித் தள்ளியது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் தீர்ப்பு கான் வெட்டாது. இரண்டு வருடத்துக்கு மேல் உறுப்பினர் என்று ஒருவரும் இல்லாமல் அதிகாரிகளே நகரத்தை நடத்தினார்கள். எங்கள் ஒழுங்கையில் கான் அடைத்து, பெருமழைக்கு என் கடையின் இரண்டாவது படி வரை தண்ணீர் ஏறியது. பழைய உறுப்பினரைத் தேடிப் போனேன். "நான் இப்போது உறுப்பினர் இல்லையே, தம்பி" என்றார். அதுவும் உண்மைதான்.

அந்த வாரம் கடை வாசலில் நின்று, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆரம்பித்தார். "கானுக்கு என்ன கட்சி? 1937இல் டொக்டர் இரத்தினஜோதி சரவணமுத்து இந்த நகரத்தின் மேயரானாரே, எந்தக் கட்சியின் சின்னத்தைக் காட்டி?" எங்களிடம் பதில் இல்லை. மறுநாள் அந்த முதல் வரியே எங்கள் துண்டுப்பிரசுரத்தின் தலைப்பாகிவிட்டது.

இன்னொரு கதையும் தைரியம் கொடுத்தது. 2006இல் ஐக்கிய தேசியக் கட்சியின் கொழும்புப் பட்டியல் நிராகரிக்கப்பட்டது. வயது போதாத ஒருவரின் பெயர் அதில் இருந்தது. கடைசியில் மூக்குக்கண்ணாடிச் சின்னத்தில் நின்ற சுயேச்சைக் குழு வென்று, முச்சக்கர வண்டி ஓட்டுநரான உவைஸ் முகமது இம்தியாஸ் மேயரானார். கட்சி இல்லாமலும் முடியும் என்பதற்கு இதைத்தான் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தோம். அந்தக் குழுவுக்கு வாக்களிக்கச் சொன்னதே ஐக்கிய தேசியக் கட்சிதான் என்பதை வசதியாக விட்டுவிட்டோம். அந்தக் கட்சியின் சின்னம் யானை. அன்று வென்றது கண்ணாடி போட்டுக்கொண்டு வந்த யானை.

இனிப் படிவங்கள். தனி ஆளாகப் போய், "நான் இந்த வட்டாரத்தில் நிற்கிறேன்" என்று சொல்ல உள்ளூராட்சித் தேர்தல் சட்டத்தில் இடமில்லை. சபைக்கே ஒரு பட்டியல் கொடுக்க வேண்டும். உறுப்பினர்களில் அறுபது வீதம் வட்டாரத்தால், நாற்பது வீதம் விகிதாசாரத்தால் வருவதால் வட்டாரங்களுக்கு ஒரு பட்டியல், மேலதிகமாக இன்னொன்று. முதலாவதில் பத்து வீதம், இரண்டாவதில் ஐம்பது வீதம் பெண்கள். கொழும்புக்கு நூறு பேரையும் தாண்டிப் போகிறது. ஒரு கானுக்காகக் கூடிய ஏழு பேர் நாங்கள்.

கட்டுப்பணம் கட்சிக்கு ஓர் ஆளுக்கு 1,500 ரூபாய், சுயேச்சைக்கு 5,000 ரூபாய். நூறு பேருக்கே ஐந்து இலட்சம். சீட்டுக் காசு, ஆசிரியரின் சேமிப்பு, செட்டியார் தெருவில் அடகு வைத்த என் மனைவியின் வளையல் இரண்டு. மார்ச் 19ஆம் திகதி நண்பகலுக்கு முன் கட்டி முடித்தோம். வளையலைப் பற்றி வீட்டில் இன்னும் பேச்சு ஓயவில்லை.

பணத்தைக்கூடப் புரட்டிவிடலாம். பெயர் கிடைப்பதுதான் கஷ்டம். எங்கள் பகுதிக் கடைகளில் வேலை செய்யும் மலையகப் பிள்ளைகள் இருபது பேர் வரை ஆசையோடு வந்தார்கள். அநேகமாக எல்லோருக்கும் வாக்கு ஹற்றனிலும் தலவாக்கலையிலும் இருக்கிறது. பத்து வருடமாக இங்கே உறங்கி எழுந்தாலும் வாக்காளர் இடாப்பில் அவர்கள் கொழும்பார் இல்லை. அத்தனை பேரையும் திருப்பி அனுப்பினேன். பெண்கள் பட்டியலை நிரப்பியது ஒரு தையல் வகுப்பு. அதை நடத்தும் அக்கா ஒரே மாலையில் பதினொரு பேரைக் கூட்டி வந்தார். "வென்றால் கூட்டத்துக்குப் போக வேண்டுமா?" என்பதுதான் அவர்கள் எல்லோரும் கேட்ட ஒரே கேள்வி.

பிறகு சத்தியப்பிரமாணம். நாட்டைப் பிரித்துத் தனி அரசு கேட்க மாட்டேன், அப்படிக் கேட்பவர்களுக்குத் துணை போக மாட்டேன் என்று ஒவ்வொரு வேட்பாளரும் ஒப்பமிட வேண்டும். 1983இல் வந்த ஆறாம் திருத்தத்தின் வாசகம் அது. சமாதான நீதவான் ஒருவரின் விறாந்தையில் இரவு பத்து மணிக்கு வரிசையாக நின்றோம். மீன் வெட்டும் ஒருவர் கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து, "கான் துப்புரவாக்குவதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம், ஐயா?" என்றார். நீதவான் ஒன்றும் சொல்லாமல் பேனையை நீட்டினார்.

20ஆம் திகதி நண்பகல் வேட்புமனு முடிவு. நாரஹேன்பிட்டி மாவட்டச் செயலகத்தில் பட்டியலைக் கொடுத்துவிட்டு, ஆட்சேபணைக்கான ஒன்றரை மணி நேரம் முழுவதும் ஒரு போத்தல் தண்ணீரை ஏழு பேர் பகிர்ந்துகொண்டு நின்றோம். இளைஞர்களின் பிறப்புச் சான்றிதழில் உறுதிப்படுத்திய பிரதிக்குப் பதில் வெறும் நிழற்பிரதியை வைத்ததற்காக அந்த முறை பல பட்டியல்கள் நிராகரிக்கப்பட்டன. சிலவற்றை நீதிமன்றம் பிறகு ஏற்கச் சொன்னது. நிழற்பிரதி விற்றுப் பிழைக்கும் எனக்கு அதன் பெறுமதி தெரியும் என்பதால் தப்பினோம்.

வாக்குக் கேட்கப் போன இடத்தில்தான் அடி விழுந்தது. கொழும்பில் தோட்டம் என்று சொல்லும் நெருக்கமான குடியிருப்பு ஒன்றில், ஒற்றை அறை வீட்டு வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மாமியிடம் மாதிரி வாக்குச்சீட்டைக் காட்டினேன்.

"இதில் உன் பெயர் எங்கே, தம்பி?"

"பெயர் இருக்காது, மாமி. குழுவின் எண்ணும் சின்னமும்தான்."

சீட்டை வாங்கி இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார். "அப்படியென்றால் நீயும் கட்சிதானே" என்று திருப்பித் தந்துவிட்டு வெங்காயத்தை எடுத்தார்.

இரண்டு மாதம் அலைந்து நான் கண்டுபிடித்ததை அவர் அரை நிமிடத்தில் சொல்லிவிட்டார். அதற்குள் எங்களுக்குள்ளேயே கட்சி முளைத்துவிட்டது. விகிதாசாரத்தில் ஓர் ஆசனம் கிடைத்தால் யாரை அனுப்புவது என்று குழுத் தலைவர்தான் முடிவு செய்வார். கட்சிச் செயலாளரின் அதே அதிகாரம். கிடைக்காத ஆசனத்துக்காக இரண்டு பேர் முகம் பார்ப்பதை நிறுத்தினார்கள். அதில் ஒருவர் ஆசிரியர்.

ஜிந்துப்பிட்டியில் சலூன் வைத்திருக்கும் அண்ணன் சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது. "கானுக்கு நீ போதும். 2007 ஜூனில் விடுதிகளில் தங்கியிருந்த எங்கள் தமிழ் ஆட்களைப் பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்களே, அன்று இரவு யாருக்குத் தொலைபேசி எடுப்பது என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது. அதற்குக் கட்சி வேண்டும்." கட்சியே இல்லாத உள்ளூராட்சித் தேர்தல் வேண்டும் என்று பேச வந்தவன் நான். அவருக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. முடியை மட்டும் வெட்டிக்கொண்டு வந்தேன்.

தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. அங்கிருந்து துணி எடுத்துவரும் நண்பர் ஒருவரிடம் கேட்டேன். சின்னம்தான் பூட்டு சாவி, யார் எந்தக் கட்சி என்று ஊரில் குழந்தைக்கும் தெரியும் என்று சிரித்தார். ஆனாலும் அங்கே நிற்கிற ஆளுக்குத்தான் வாக்கு. எனக்கு அது போதும். கட்சியை வெளியே அனுப்ப வேண்டாம். வட்டாரத்துக்கு ஓர் ஆள் தனியாக, தன் பெயரில் நிற்க விடுங்கள், வாக்குச்சீட்டில் அந்தப் பெயரைப் போடுங்கள். கட்சி வேண்டுமென்றால் பெயருக்குப் பக்கத்தில் வரட்டும்.

மே 6ஆம் திகதி என் வட்டாரத்தில் எங்களுக்கு விழுந்த வாக்கு மூன்று இலக்கத்தைத் தொடவில்லை. 117 பேர் கொண்ட சபையில் தேசிய மக்கள் சக்திக்கு 48 ஆசனங்கள். எவருக்கும் பெரும்பான்மை இல்லாததால் மேயர் தெரிவு சபைக்கு வந்தது. ஜூன் 16ஆம் திகதி இரகசிய வாக்கெடுப்பில் 61க்கு 54 என்று அந்தக் கட்சியின் விராய் கெலீ பல்தசார் மேயரானார். சுயேச்சையாக வென்று உள்ளே போனவர்களுக்கும் முதல் நாளே இரண்டு பக்கத்தில் ஒன்றைத் தேட வேண்டி வந்தது. நாங்கள் உள்ளே இருந்திருந்தால் அன்றைக்கே உடைந்திருப்போம்.

தோற்றாலும் வேலை முடியவில்லை. 2023ஆம் ஆண்டின் தேர்தல் செலவினச் சட்டப்படி, பெறுபேறு வெளியாகி 21 நாட்களுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும் செலவுக் கணக்கு கொடுக்க வேண்டும். ஒரு ரூபாயும் செலவழிக்காதவரும் கொடுக்க வேண்டும். வாக்குக் கேட்டதைவிட அதிகமாகக் கதவு தட்டியது இதற்குத்தான். தையல் வகுப்பில் ஒருவர் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தார். மீன்காரர் இரவில்தான் கிடைப்பார். கடைசிப் படிவம் முகத்துவாரத்துப் பையன் ஒருவனுடையது. நாள் முடிய ஒரு நாள் இருக்கையில் கடைக்கு வந்தான். ஒரு கட்சியின் பெயர் அச்சிட்ட கோப்புறைக்குள் படிவத்தை வைத்திருந்தான். நான் கோப்புறையைப் பார்த்ததை அவனும் பார்த்தான்.

"என்னோடு வந்த பிள்ளைகளுக்கு பிளேன்டீயும் பனிசும் வாங்கிக் கொடுத்தேன், அண்ணா. அதையும் போட வேண்டுமா?"

"எத்தனை பேர்?"

"ஏழு."

எழுதிக்கொண்டேன்.