லுக்பான் நாட்குறிப்பு: இந்த வருடம் எந்தத் தெரு?

மே 11

பிலிப்பைன்ஸின் சான்டா குரூசில் ஜீப்னி எனும் சிற்றுந்து மாறி, கவின்ட்டி, லூயிசியானா என்று மேடேறி, மதியத்துக்குமேல் லுக்பான் வந்தாயிற்று. நான் வேலை பார்க்கும் லோஸ் பான்யோஸில் சட்டை உடம்போடு ஒட்டும் வெயில். இங்கே தூறல். பனஹாவ் மலை மேகத்துக்குள் இருக்கிறது, முகம் காட்டவில்லை.

வீட்டுக்கார அம்மாவை எல்லோரும் கூப்பிடுவதுபோல நானும் 'நானாய்' (அம்மா) என்றே கூப்பிடுகிறேன். 15ஆம் தேதி உழவர்களின் புனிதர் சான் இசிட்ரோவின் திருநாள். அன்றைக்குத்தான் பஹியாஸ், அதாவது விளைச்சலால் வீட்டை அலங்கரிக்கும் விழா. ஆனால் நானாய் வீட்டு வாசலில் ஒரு கத்தரிக்காய்கூடத் தொங்கவில்லை. ஊர்வலம் வருடத்துக்கு ஒரு பாதையில் போகும். புனிதர் வரும் தெருவுக்குத்தான் அலங்காரம். இந்த வருடம் இவர்கள் தெருவுக்கு முறை இல்லை.

மே 12

முறை இல்லையே தவிர வேலைக்குக் குறைச்சல் இல்லை. முறை வந்த தெருக்காரர்கள் சிலருக்குக் கிப்பிங், அதாவது அலங்காரத்துக்கான இலை வடிவ அரிசி வடாம், செய்து கொடுப்பது நானாய்தான். அரிசியை ஊறவைத்து நைசாக அரைத்து, மாவைக் கிண்ணம் கிண்ணமாகப் பிரித்துச் சாயம் கலக்குகிறார். பிறகு இலை. கபால் இலை நல்லது, கிடைக்காவிட்டால் காப்பி இலை. நரம்பு புடைத்த பக்கத்தில்தான் மாவு ஏற வேண்டும், அப்போதுதான் நரம்பு அச்சாக விழும். ஆவியில் வேகவைத்து, தொங்கவிட்டுக் காயவைக்கிறார். காய்ந்ததும் காம்புப் பக்கம் நகத்தால் லேசாகக் கிளப்பி ஒரே இழுப்பு. இலை தனி, இலையின் உருவம் தனி. சுருளாமல் இருக்க அடுக்கி, மேலே பாரம் வைத்துவிடுகிறார்.

நம் வீட்டு இலை வடாமேதான். ஆனால் இது எண்ணெய்ச் சட்டிக்குப் போவதில்லை, ஜன்னலுக்குப் போகிறது. அடுக்கடுக்காகக் கோத்து சரவிளக்குபோல் தொங்கவிட்டால் அதற்கு 'அரான்யா' என்று பெயர். விழா முடிந்து பொரித்துத் தின்கிறவர்களும் உண்டாம்.

தூறல் நிற்காததால் இன்று பாதிகூடக் காயவில்லை. நானாய் மலையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். வாழ்த்தாக இருக்காது.

மே 13

ஊருக்கு வெளியே, மலைச்சரிவுப் பக்கம் போனேன். சிறு சிறு வயல்கள், காய்கறிப் பாத்திகள், அப்புறம் தென்னை. க்வெசோன் மாகாணமே தென்னைக்குப் பேர்போனது. கொப்பரையைப் புகைமூட்டிக் காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், தோப்பு தன்னுடையது இல்லை என்றார். மூன்றில் ஒரு பங்குதான் அவருக்கு. இந்த மாகாணத்தில் இது பழைய வழக்கம்.

1972இல் அதிபர் மார்க்கோஸ் கொண்டுவந்த நிலச்சீர்திருத்த ஆணை நெல்லுக்கும் மக்காச்சோளத்துக்கும் மட்டும்தான். தென்னந்தோப்புகள் அதில் வரவில்லை. எல்லா விவசாய நிலத்தையும் சேர்த்த 1988 சட்டம் வரும்வரை தோப்புக் குத்தகைக்காரர்களுக்கு நிலம் கிடைக்க வழியே இல்லை. போதாக்குறைக்கு எழுபதுகளில் கொப்பரை மேல் ஒரு வரி. அந்தப் பணத்தில் வங்கியும் பெரிய நிறுவனப் பங்குகளும் வாங்கப்பட்டன. அது விவசாயிகளுக்கே சேரவேண்டியது என்பது நீதிமன்றத்தில் முடிவாக 2012 ஆகிவிட்டது. அந்தப் பணத்தை விவசாயிகளுக்கான நம்பக நிதியாக்கும் சட்டம் வந்தது 2021இல். வரி கட்டியவர்களில் எத்தனை பேர் அதுவரை இருந்தார்களோ.

நான் லோஸ் பான்யோஸ் என்றதும் பெரியவர் நெல்லுக்குத் தாவினார். 1966இல் ஐ.ஆர்.8 நெல் ரகம் வெளிவந்த சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அங்கேதானே இருக்கிறது. நம் பக்கத்திலும் ஐ.ஆர். எட்டு, ஐ.ஆர். இருபது என்று சொல்லாத உழவர் உண்டா? அந்த நிலையத்துக்கு எண்பதுகளில் தலைமை வகித்தவர் கும்பகோணத்துக்காரரான எம்.எஸ். சுவாமிநாதன் என்றேன். பெரியவருக்கு அதில் அக்கறை இல்லை. 2019இல் இறக்குமதி அரிசிக்கு இருந்த அளவுக் கட்டுப்பாட்டை எடுத்ததும் நெல் விலை விழுந்த கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

மே 14

நாள் முழுக்க மழை. கோயிலுக்குள் ஒதுங்கினேன். பிரான்சிஸ்கன் துறவிகள் 1578இல் இந்த ஊருக்கு வந்தார்கள். அந்தக் காலத்தில் விளைந்ததைக் கோயிலுக்குக் கொண்டுவந்து ஆசி வாங்குவார்களாம். கோயில் கொள்ளாமல் போகவே, அவரவர் வீட்டு வாசலில் வைக்கட்டும், பாதிரியார் அங்கே வருவார் என்று ஆயிற்று. பஹியாஸ் பிறந்த கதையாக ஊரில் சொல்வது இது.

ஊர் சொல்லும் இன்னொரு கதை அத்தனை வண்ணமானது அல்ல. அப்போலினாரியோ டெ லா குரூஸ் இந்த ஊர்ப் பிள்ளை. துறவியாக விரும்பினார். உள்ளூர் இனத்தவர் என்பதால் சபைகள் சேர்க்கவில்லை. 1832இல் தானே ஒரு சகோதர சபை தொடங்கினார். உழவர்கள் ஆயிரக்கணக்கில் சேர, அன்றைய ஸ்பானிய அரசு மிரண்டது. 1841 நவம்பர் தொடக்கத்தில் அலிட்டாவோவில் படை புகுந்து நூற்றுக்கணக்கானோரைக் கொன்றது. நவம்பர் 4ஆம் தேதி தயாபாஸில் அவரையும் சுட்டுக் கொன்று உடலைத் துண்டாக்கினார்கள். அப்போது முப்பதுகூட ஆகாத வயது. ஊர் அவரை இன்றும் 'எர்மானோ புலே' (சகோதரர் புலே) என்றுதான் சொல்கிறது. தப்பியவர்கள் மலைக்குப் போனார்கள். பனஹாவ் இன்றும் யாத்திரைத் தலம்.

மே 15

கூட்டம் சொல்லி மாளாது. வாழையிலையில் பன்சிட் நூடுல்ஸ், மேலே வினிகர், கையும் கூடாது, முள்கரண்டியும் கூடாது, இலையோடு வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். பூண்டு மணக்கும் லொங்கனிசா இறைச்சித் தொத்திறைச்சி வேறு.

சுவர் முழுக்கக் காராமணி, முள்ளங்கி, தக்காளி, நெற்கதிர், நடுவே அரான்யா. அசத்தலாக ஜோடித்திருந்த ஒரு வீட்டுக்காரரிடம் கேட்டேன், வயல் எங்கே என்று. வயலா? அவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். காய் எல்லாம் சந்தையில் வாங்கியது. தப்பில்லைதான். ஆனால் ஊர்வலப் பாதை ஊர் நடுவே போகிறது, பயிர் செய்கிறவர்கள் சரிவில் இருக்கிறார்கள். நான் பேசிய வாசல்களில் அவர்கள் யாரும் இல்லை. அலங்காரப் போட்டியில் பரிசு வீட்டுக்குத்தான், முள்ளங்கிக்கு இல்லை. சுற்றுலா வந்து விழாவைக் கெடுத்துவிட்டது என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சுற்றுலா இல்லாவிட்டால் நானாயின் கிப்பிங்கை இந்த விலைக்கு யார் வாங்குவார்கள்?

மே 17

அலங்காரத்தைக் கழற்றிவிட்டார்கள். வாடாத காய் அக்கம்பக்கத்துக்கு. நானாய் கணக்குப் பார்த்தார். அரிசி, சாயம், விறகு, உதவிக்கு வந்த இரண்டு பெண்களின் கூலி போக மிச்சம் இருக்கிறது, முகத்தில் தெரிந்தது. தொகை சொல்லவில்லை.

மாலையில் பக்கத்துத் தெருவிலிருந்து ஒருவர் வந்தார். அடுத்த வருடம் தங்கள் முறை என்று நம்பிக்கை, இப்போதே சொல்லி வைத்துவிட்டால் விலை குறையுமா என்று கேட்டார். செய்து தருகிறேன், விலையை அப்போது பேசிக்கொள்ளலாம், அரிசி என்ன விலை விற்குமோ யாருக்குத் தெரியும் என்று நானாய் அனுப்பிவிட்டார்.