மே மாதத்துக் கொடிமலை

மே மாதம் பினாங்குக்குப் போகிறேன் என்றதும் கோலாலம்பூர்த் தோழிகள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். பகலெல்லாம் வெயில் கொளுத்தும், மத்தியானமானால் இடியும் மழையும் கொட்டும், பினாங்கு ஹில் என்கிற கொடிமலைக்கு மட்டும் போகாதே, மேலே மேகத்தைத் தவிர ஒன்றும் தெரியாது என்றார்கள். போவதென்றால் மே மாதத்தில்தான் போக வேண்டும் என்பது என் கட்சி. அந்த மலைக்கு அழகே அதன் வானிலைதான். ஒரு மணி நேரம் நின்று படம் எடுத்துக்கொண்டு இறங்குகிறவர்களுக்கு அது பிடிபடாது. காலையில் ஏறி, இருட்டிய பிறகு இறங்க வேண்டும்.

மலையடிவாரத்து ஆயர் ஈத்தாமில் இருக்கும் மாமா இந்த விஷயத்தில் எனக்கும் மேல். வாசலில் நின்று மலையை ஒருமுறை பார்த்துவிட்டு, துணி காயப்போடலாமா வேண்டாமா என்று அத்தைக்குச் சொல்லிவிடுவார். முதல்நாள் இரவே, “காலங்காத்தால கிளம்பிடணும்மா. பத்து மணிக்கு மேல போனா நமக்கு முன்னாடி மேகம் ஏறி உட்கார்ந்துடும்” என்றார். சரி மாமா என்று அலாரம் வைத்துவிட்டுப் படுத்தேன்.

மலை ரயில் காலை ஆறரைக்கே ஓடத் தொடங்கிவிடுகிறது. 1923இல் முதன்முதலாக ரயில் ஓடிய பாதை இது, சுமார் இரண்டு கிலோமீட்டர் நீளம். முன்பெல்லாம் நடுவழியில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டும். 2011இல் வந்த புதுப் பெட்டிகள் நேரே உச்சிக்குப் போய்விடுகின்றன. மாமாவுக்கு அந்தப் பழைய மெதுவான பயணத்தின் மேல்தான் ஆசை. ஏற ஏறக் காற்று குளிர்வது முகத்தில் தெரியுமாம். இப்போது கதவு திறந்ததும் சட்டென்று குளிர் வந்து மோதுகிறது. உச்சி நிலையம் கடல்மட்டத்துக்கு மேல் 700 மீட்டரைத் தாண்டி இருக்கிறது. கீழே இருக்கும் ஜார்ஜ்டவுன் நகரத்தைவிடச் சுமார் ஐந்து டிகிரி வெப்பம் குறைவு. கோலாலம்பூரிலிருந்து போன எனக்கு அதுவே பெரிய விருந்து.

அந்த நேரத்து வானம் கழுவி விட்ட மாதிரி தெளிவு. கீழே ஜார்ஜ்டவுன், நீரிணைக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த், தெற்கே 1985இல் திறந்த முதல் பாலம், இன்னும் தள்ளி இரண்டாவது பாலம். வடக்கே கெடா மாநிலத்தின் குனோங் ஜெராய் மலை தனியாக எழுந்து நிற்கிறது. 1,217 மீட்டர் உயரம். அதன் அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கு, நாம் கடாரம் என்று படித்த இடம். பருவக்காற்றை நம்பி வங்கக் கடலைத் தாண்டி வந்த கப்பல்களுக்கு ஜெராய்தான் கரையின் அடையாளம். ராஜேந்திர சோழனின் படை 1025 வாக்கில் வந்தபோதும் அவர்கள் கண்ணில் முதலில் பட்டது இந்த மலையாகத்தான் இருந்திருக்கும் என்று மாமா அடித்துச் சொன்னார். எனக்கும் அப்படி நினைத்துக்கொள்ளவே பிடித்திருந்தது.

ஒன்பதரை இருக்கும். கீழே மரங்களுக்கு நடுவில் வெள்ளையாக ஒரு துணுக்கு கிளம்பியது. சற்று நேரத்தில் பக்கத்துப் பள்ளத்திலும் ஒன்று. அப்புறம் பால் பொங்கி வருவதுபோல மொத்தப் பள்ளத்தாக்கும் நிரம்பி மேலே வந்தது. முதலில் பாலங்கள் போயின, பிறகு நகரம், கடைசியில் பத்தடி தள்ளியிருந்த விளக்குக் கம்பமும் போனது. சட்டையெல்லாம் ஈரம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, ஒரு காற்று வந்தது, மேகம் கிழிந்தது, வெயில் சுள்ளென்று முதுகில் விழுந்தது. மத்தியானம் வரை இந்த ஆட்டம் ஓயவில்லை.

இதற்குக் காரணம் எளிமையானது. ஏப்ரல் தொடக்கத்தில் பினாங்கில் சூரியன் நேராக உச்சந்தலைக்கு மேல் வருகிறது. வடகிழக்குப் பருவக்காற்று மார்ச்சோடு ஓய்ந்துவிடும், தென்மேற்குக் காற்று மே கடைசியில்தான் வந்து சேரும். நடுவில் பெரிய காற்று எதுவும் இல்லாததால் தீவின் சூடுதான் எல்லாவற்றையும் நடத்துகிறது. வெயில் ஏறினால் நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடாகும். கடற்காற்று சுற்றிலுமிருந்து உள்ளே வரும். நடுவில் மலை நிற்பதால் அந்த ஈரக்காற்றுக்கு மேலே ஏறுவதைத் தவிர வழியில்லை. ஏறினால் குளிரும், குளிர்ந்தால் மேகம். அந்த மேகம் இன்னும் உயர்ந்து கறுத்தால் மத்தியானத்து இடிமழை. இவ்வளவையும் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறேன். அது நடக்கும்போதே அதற்குள் நின்றது எனக்குப் பெரிய சந்தோஷம்.

மழைக்கு முன் குரங்குகளைப் பார்த்தோம். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட கறுப்பு மந்திகள், ஒன்றின் மடியில் குட்டி. இந்த இனத்தின் குட்டிகள் பிறக்கும்போது நல்ல ஆரஞ்சு நிறம். சாம்பல் மேகத்துக்கு நடுவில் அந்த நிறம் அப்படியே தெரிந்தது. மற்ற குரங்குகளைப் போல இவை பையைப் பிடுங்க வருவதில்லை, இலையைத் தின்றுகொண்டு அமைதியாக உட்கார்ந்திருக்கின்றன. தயவுசெய்து யாரும் இவற்றுக்குத் தீனி போடாதீர்கள்.

இரண்டரை மணிக்கு முதல் இடி. உச்சியில் கேட்கும் இடி வேறு மாதிரி. தலைக்கு மேலே இல்லை, நம் உயரத்திலேயே பக்கத்தில் விழுகிறது. நாங்கள் அருளொளித் திருமுருகன் ஆலயத்துக்குள் ஒதுங்கினோம். பக்கத்திலேயே பள்ளிவாசல், அங்கும் சிலர் மழைக்கு ஒதுங்கியிருந்தார்கள். காற்று மழையைப் பக்கவாட்டில் அடித்ததில் குடை வைத்திருந்தவர்களும் நனைந்தார்கள். ஒரு சீனக் குடும்பம் ஓடிவந்தது. நடுங்கிக்கொண்டிருந்த பாட்டிக்கு மாமா தன் துண்டைக் கொடுத்தார்.

மழை அடங்கும் வரை மாமா 2017 நவம்பரைப் பற்றிப் பேசினார். அந்தப் புயல்மழையில் மலையின் பல இடங்களில் மண் சரிந்து, ரயில் நின்றுபோனது. கீழே தீவு முழுக்க வெள்ளம். “மேல ஒரு மரம் போனா கீழ ஒரு வீடு போகும்மா” என்றார். இந்த மலைச்சரிவுகளில் காடு அப்படியே இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. 2021இல் யுனெஸ்கோ கொடிமலையை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. அந்தப் பெயருக்கு ஏற்ற காவலும் வேண்டும்.

நாலரைக்கு மழை நின்றது. இப்போது காலையைவிடக் குளிர் அதிகம், இழுத்து ஆற்றிய பால் தேநீரான தே தாரிக் ஒன்று சூடாக இறங்கியபோதுதான் கை விறைப்பு போனது. காற்றில் இருந்த புகையையும் தூசியையும் மழை இறக்கிவிட்டதால் ஏழரை மணிக்குப் பாலத்து விளக்குகளைத் தனித்தனியாகக் காண முடிந்தது. மத்தியானம் மேகத்தைப் பார்த்துச் சலித்துக்கொண்டு இறங்கிப் போனவர்களை நினைத்து எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். குடையைவிட மழைக்கோட்டு நல்லது. மாற்றுச் சட்டை ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். மின்னல் நேரத்தில் திறந்த வெளியிலும் மரத்தடியிலும் நிற்க வேண்டாம். பள்ளி விடுமுறையில் சாயங்காலம் இறங்குகிற வரிசை நீளும், பெரியவர்களோடு போனால் வார நாளாகப் பாருங்கள். ஜார்ஜ்டவுனின் கொம்தார் பஸ் நிலையத்திலிருந்து 204ஆம் எண் பஸ் அடிவாரம் வரை போகிறது.